சூட்டில் ஒட்டும் பைண்டிங்: ஆபீஸில் மெஷின், வீட்டில் இஸ்திரிப்பெட்டி

போன மார்ச்சில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அக்கா மகள் ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றாள். "மாமா, நாளைக்குக் காலைல ரிப்போர்ட் கொடுக்கணும், ஸ்பைரல் வாங்க மாட்டாங்களாம்." சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஜெராக்ஸ் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும் நேரம். என் ஆபீஸில் பைண்டிங் மெஷின் இருக்கிறது, ஆனால் சாவி என்னிடம் இல்லை. வீட்டில் இருந்த க்ளூ கன்னையும் (பசைக்குச்சியை உருக்கிப் பிழியும் துப்பாக்கி) இஸ்திரிப்பெட்டியையும் வைத்து அந்த 96 தாளையும் கட்டிக் கொடுத்தேன், இன்றுவரை ஒரு தாள்கூட உதிரவில்லை. அதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

இதில் பசை என்பது ஒரு வகை பிளாஸ்டிக். ஈவிஏ என்பார்கள். சூடேறினால் இளகி ஓடும், ஆறினால் இறுகும், அவ்வளவுதான் அதன் குணம். தண்ணீர் கிடையாது, அதனால் காயவைக்கும் வேலையும் இல்லை, தாள் நெளியாது. பழைய பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்து ஒட்டி, ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைப்பார்கள். ஜவ்வரிசிக்கும் கிழங்கு மாவுக்கும் பேர்போன ஊர் சேலம், இங்கே மாவுப்பசைக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் அவசரத்துக்கு அது உதவாது. சூட்டுப்பசையில் இன்னொரு வசதி, தப்பாக ஒட்டினால் மறுபடி சூடாக்கிச் சரிசெய்யலாம். அதே குணம்தான் அதன் பலவீனமும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆபீஸ் மெஷின். இதற்கென்றே தனி கவர் விற்கிறது: முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், பின்பக்கம் அட்டை, முதுகின் உள்பக்கம் ஒரு பட்டைப் பசை. இந்த முதுகின் அகலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் (80 ஜிஎஸ்எம்) ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், அதாவது பத்துத் தாளுக்கு 1 மி.மீ. என்று கணக்கு. 30 தாள் வரை 3 மி.மீ. கவர், 60 தாள் வரை 6 மி.மீ. கவர். 25 தாளை 6 மி.மீ. கவரில் போட்டால் தாள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டும், மீதிப் பசை சும்மா கிடக்கும். 40 தாளை 3 மி.மீ. கவரில் திணித்தால் ஓரத்தில் உள்ள தாள்கள் பசையைத் தொடவே தொடாது. கண்ணால் மதிப்பிடாமல், கட்டை விரலால் இறுக்கிப் பிடித்து ஸ்கேலில் அளந்து பாருங்கள்.

மெஷினை ஆன் செய்து, அது தயார் என்று விளக்கு எரியும் வரை பொறுங்கள். அதற்குள் தாள் கட்டை மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள், முதலில் கீழ்ப்பக்கம், அப்புறம் முதுகுப்பக்கம், பிறகு கவருக்குள் வைத்து இன்னொரு முறை முதுகைத் தட்டுங்கள். ஒரே ஒரு தாள் ஒரு மி.மீ. மேலே நின்றாலும் அது ஒட்டாது, ஏனென்றால் பசை பிடிப்பது தாளின் ஓரத்தை மட்டும்தான். முதுகு கீழே இருக்கும்படி மெஷினில் நிறுத்தினால் ஒரு நிமிடம் போல ஆகும், மெஷினுக்கு மெஷின் மாறும், முடிந்ததும் கத்தும். எடுத்தவுடன் சூடாக இருக்கும்போதே சமமான மேசையில் செங்குத்தாக ஒருமுறை மெதுவாகத் தட்டுங்கள், தாள்கள் பசைக்குள் உட்காரும். பிறகு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் தொடவே கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு, நன்றாக வந்திருக்கிறதா என்று உடனே பிரித்துப் பார்ப்பது. நான் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவேன். வந்து முதல் தாள், நடுத் தாள், கடைசித் தாள் மூன்றையும் லேசாக இழுத்துப் பார்ப்பேன், எது அசைந்தாலும் மறுபடி மெஷினில் வைத்தால் போதும். நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் இதேபோல் சூடாக்கி, இளகியதும் செருகிவிடலாம்.

மெஷினில் வைக்கவே கூடாதவை சில உண்டு. ஒரு வருடம் ஆடிட் பைலோடு பெட்ரோல் பில்களைத் தாளில் ஒட்டி அப்படியே பைண்ட் செய்தேன். எடுத்துப் பார்த்தால் பில்லின் இடது ஓரம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டது, தேதி போயே போச்சு. அந்த வழவழப்பான பில் தாளில் எழுத்து வருவதே சூட்டினால்தான், நாம் சூடு காட்டினால் அது முழுக்கக் கறுக்கும். பில், ஏடிஎம் சீட்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் கட்டுங்கள். லேமினேஷன் செய்த தாளும் போட்டோ பேப்பரும் பசையைப் பிடிக்காது. பத்திரம், சர்டிபிகேட் போன்ற ஒரிஜினல்களை எந்தப் பசையாலும் கட்டாதீர்கள், நாளைக்கு ஒரு ஆபீசில் அந்த ஒரு தாளை மட்டும் கேட்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது வீட்டு முறை. இதற்கு க்ளூ கன், ஆவி வராமல் வைத்த இஸ்திரிப்பெட்டி, இரண்டு பலகை, இறுக்க இரண்டு கிளாம்ப், ஹேக்ஸா பிளேடு, உப்புத்தாள், மருந்துக்கடை காஸ் துணி, கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், கேக் சுட அடியில் போடும் பேக்கிங் பேப்பர், கெட்டியான சார்ட் அட்டை வேண்டும். பேக்கிங் பேப்பருக்குப் பதில் சாதா பட்டர் பேப்பர் வாங்காதீர்கள், சிலது பசையோடு ஒட்டிக்கொள்ளும். தெருவில் துணி தேய்ப்பவரின் கரிப்பெட்டியைக் கேட்டு வாங்கலாமா என்று என் மச்சான் கேட்டார். வேண்டாம், சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, சாம்பல் வேறு விழும்.

தாள்களைத் தட்டி, முதுகு 3 மி.மீ. வெளியே தெரியும்படி பலகைகளுக்கு நடுவே இறுக்குங்கள். உப்புத்தாளால் முதுகைத் தேயுங்கள், விரல் வைத்தால் பஞ்சுபோல் இருக்க வேண்டும். அப்புறம் ஹேக்ஸா பிளேடால் ஒன்றரை செ.மீ.க்கு ஒன்று என்று 1 மி.மீ. ஆழத்துக்குக் குறுக்கே கீறுங்கள், சற்றுச் சாய்வாக இருந்தால் பிடிப்பு அதிகம். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும், சலிப்பாக இருக்கும், ஆனால் மொத்த உறுதியும் இங்கேதான் இருக்கிறது. மொழுமொழுவென்று வெட்டிய தாளின் மேல் எவ்வளவு பசை ஊற்றினாலும் உள்ளே இறங்காது. முடிந்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள், தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும்.

க்ளூ கன்னால் முதுகின் நீளத்துக்கு இரண்டு மூன்று கோடு இழுங்கள். கடைசிக்கு வருவதற்குள் முதல் கோடு இறுகிவிடும், கவலை வேண்டாம். மேலே பேக்கிங் பேப்பரை வைத்து இஸ்திரிப்பெட்டியை மெதுவாக ஓட்டுங்கள், வுல் குறியில் தொடங்கி, இளகவில்லை என்றால் காட்டனுக்கு ஏற்றுங்கள். பசை கண்ணாடிபோல் மினுங்கிச் சமமாகப் பரவுவது பேப்பர் வழியாகவே தெரியும். அந்தச் சூட்டிலேயே முதுகைவிட இரு பக்கமும் 2 செ.மீ. அகலமான காஸ் துணியை அதன் மேல் வைத்து, பேப்பரை மூடி மறுபடி ஒரு ஓட்டு. பசை துணியின் கண்களுக்குள் ஏறிவிடும்.

அட்டைக்கு ஏ3 போதும் என்று நினைத்து நான் அன்றைக்கு ஏமாந்தேன். ஏ3-யின் நீளம் 420 மி.மீ., ஏ4-இன் அகலம் 210. இரண்டு பக்கத்துக்கே சரியாகப் போய்விட்டது, 10 மி.மீ. முதுகுக்கு இடமே இல்லை. பெரிய சார்ட்டாக வாங்கி, முதுகின் இரண்டு மடிப்பையும் மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டால் மடிப்பு நறுக்கென்று வரும். முதுகில் இன்னொரு மெல்லிய கோடு பசை, அட்டையை வைத்து வெளியிலிருந்து பேக்கிங் பேப்பர் மேல் அரை நிமிடம் தேய்த்து, பலகைக்குள் இறுக்கி இருபது நிமிடம் விடுங்கள். லேசர் பிரிண்ட் எடுத்த அட்டை என்றால் முதுகில் எழுத்து வேண்டாம், அந்த மை சூட்டில் இளகிப் பேப்பரில் ஒட்டிக்கொண்டு வரும்.

கையில் பசை பட்டுவிட்டால் பிய்க்காதீர்கள், தோலும் வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக் காலத்தில், தாள் வெளியே கிடந்தாலே ஈரம் குடித்து ஓரம் அலையலையாக நெளியும். அதன் மேல் சூடான பசை பட்டால் குமிழ் விடும், குளிரில் பசை பிடிப்பதற்கு முன்பே மேலே தோல் கட்டிவிடும். தாளை அது வந்த உறைக்குள்ளேயே மூடி வையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், பசைக்கு முன்னால் முதுகின் மேல் வெறும் இஸ்திரிப்பெட்டியை ஒரு நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். அங்கே எஸ்டேட் ஆபீஸில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டு அழகாக நாலு புத்தகம் கட்டினான். அப்புறம் அதைக் கார் பின் கண்ணாடிக்கு அடியில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து, அஸ்தம்பட்டியில் சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது நாலும் இடது பக்கமாகச் சாய்ந்து இணைகரம்போல் நின்றன. முன்னே சொன்ன பலவீனம் இதுதான். பசைக்கு மெஷின் சூடும் மூடிய கார் சூடும் ஒன்றுதான். படுக்கவைத்து, மேலே பாரம் வைத்து, நிழலில் வையுங்கள்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: பிரிண்ட் எடுக்கும்போதே இடது ஓரத்தில் இரண்டரை செ.மீ. விடுங்கள், இந்தப் புத்தகம் தட்டையாகப் படுக்காது, உள் ஓர எழுத்து பள்ளத்துக்குள் போய்விடும். தினமும் விரித்து எழுதும் லெட்ஜர், இருநூறு தாளுக்கு மேலான கனமான கட்டு என்றால் இந்த வம்பே வேண்டாம், நூல் போட்டுத் தைக்கிற பைண்டரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் இஸ்திரிப்பெட்டியின் அடியைப் பாருங்கள். ஒரு பொட்டுப் பசை இருந்தாலும், லேசான சூட்டில் பழைய பருத்தித் துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். நான் அன்றைக்குத் துடைக்கவில்லை, மறுநாள் காலை என் வெள்ளைச் சட்டையின் பாக்கெட் நிரந்தரமாக மூடிக்கொண்டது.