முதல் ஈவென்டிங் போட்டிக்குக் குதிரையோடு தயாராவது எப்படி?

லாயத்தில் 90 செ.மீ. தடையைத் தாண்டியாகிவிட்டது, டிரெசாஜ் டெஸ்ட் (அரங்கில் வரிசைப்படி செய்து காட்டும் நடை அசைவுகள்) ஒன்று மனப்பாடம், இனி போட்டிக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஈவென்டிங் என்றால் ஒரே குதிரையோடு டிரெசாஜ், ஷோ ஜம்பிங் (அரங்கில் தட்டினால் விழும் கம்பங்களைத் தாண்டுவது), கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளியில் அசையாத தடைகளைத் தாண்டி ஓடுவது) என்ற மூன்று பகுதிகளிலும் இறங்கும் போட்டி. இங்கே சொல்வது இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஈவென்டிங் அமைப்பின் விதிகளின்படி நடக்கும் ஒருநாள் போட்டிகளைப் பற்றி. வேறு நாட்டில் இருப்பவர்கள் உயரத்தையும் வேகத்தையும் தங்கள் விதிநூலில் சரிபார்த்துக்கொள்ளவும்.

1. ஒரு படி கீழே பதிவு செய்யுங்கள்

வீட்டில் 90 தாண்டும் குதிரையை பிஇ80-இல் (பிரிட்டிஷ் ஈவென்டிங்கின் தொடக்க நிலைகளில் ஒன்று) இறக்குங்கள். அங்கே கிராஸ் கன்ட்ரி தடைகளின் உச்ச உயரம் 80 செ.மீ.தான். ஆனால் அவை தட்டினால் விழும் கம்பங்கள் அல்ல, அசையாத மரத்துண்டுகள். சரிவு, தண்ணீர், அறிமுகமில்லாத குதிரைகள், ஒலிபெருக்கி எல்லாம் சேரும்போது 80 போதுமான பரீட்சை.

பதிவு செய்த கையோடு குதிரையின் பாஸ்போர்ட்டில் (அடையாள ஆவணத்தில்) இன்ஃப்ளூயன்சா தடுப்பூசித் தேதிகளைப் பாருங்கள். தவணை தவறியிருந்தால் போட்டியிட விடமாட்டார்கள்.

2. புள்ளிக் கணக்கு

மூன்று பகுதிகளிலும் சேருவது தண்டப் புள்ளிகள். குறைவாக வாங்கியவர் முன்னால் நிற்பார். டிரெசாஜில் 65 விழுக்காடு வாங்கினால் 35 புள்ளியோடு தொடங்குவீர்கள். ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பம் விழுந்தால் 4. கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒருமுறை மறுத்து நின்றால் 20, அதே தடையில் மறுபடியும் நின்றால் மேலும் 40. குறித்த நேரத்துக்குப் பிந்தும் ஒவ்வொரு நொடிக்கும் 0.4.

டிரெசாஜில் இரண்டு மூன்று புள்ளி குறைக்க மாதக்கணக்கில் உழைக்கிறோம். ஒரே ஒரு மறுப்பு அத்தனையையும் விழுங்கிவிடும். அதனால்தான் அடுத்த படிக்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறேன்.

3. பாதையை நடந்து பாருங்கள்

கிராஸ் கன்ட்ரிப் பாதையில் பலரும் நண்பர்களோடு பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது போதாது. முதல் சுற்று பேச்சோடு போகட்டும். இரண்டாம் சுற்றைத் தனியாக, முடிந்தால் உங்கள் ஓட்டம் வரும் அதே மணி நேரத்தில் நடங்கள். காலை பத்து மணிக்கு வெயிலில் பளிச்சென்று தெரியும் தடை, மாலை நான்கு மணிக்கு மரநிழலுக்குள் போய்விடும்.

குதிரையின் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். காட்டு விளிம்பில் இருக்கும் தடையை அது கடைசி நொடியில்தான் தெளிவாகப் பார்க்கும். அந்த இடத்துக்கு வந்ததும் சற்றுக் குந்தி, குதிரையின் தலை உயரத்திலிருந்து பாருங்கள். நிழல் கோடு தடைக்கு முன்னால் விழுகிறதா, தடைமேலேயே விழுகிறதா? அங்கே ஐந்தாறு தாவலுக்கு முன்பே உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தை மட்டும் குறையுங்கள். குதிரையின் விலாவில் நீங்கள் கொடுக்கும் கால் அழுத்தம் குறையக் கூடாது.

தண்ணீர்த் தடையில் ரப்பர் பூட்ஸோடு இறங்கி நடங்கள். அடித்தளம் கெட்டியா, வெளியேறும் கரை எங்கே என்று காலால் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழம் எவ்வளவு என்று குதிரைக்குத் தெரியாது. உங்கள் பார்வை எதிர்க்கரை மேல் நின்றால் அதுவும் முன்னே போகும். குனிந்து தண்ணீரைப் பார்த்தீர்களானால் உங்கள் எடை முன்னால் சாயும், குதிரை நின்றுவிடும்.

தடையின் இருபுறமும் கொடி இருக்கும்: சிவப்புக் கொடி எப்போதும் வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். ஒவ்வொரு தடையையும் தாண்டி நின்று, அடுத்த தடைக்கான குறியாக நேர்கோட்டில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நேரம். பிஇ80-இன் வேகம் நிமிடத்துக்கு 435 மீட்டர். பாதை 2,175 மீட்டர் என்றால் 5 நிமிடம். 435, 870, 1,305, 1,740 மீட்டர் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டால் எந்த நிமிடத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இதை அளக்கக் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம்தான் என் தேர்வு. கைபேசிச் செயலிகளில் மரங்களுக்கு அடியில் தூரம் பிசகுகிறது. சக்கரத்தையும் குதிரை ஓடப்போகும் வளைவிலேயே உருட்டுங்கள், குறுக்கே வெட்டாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு வயலில் 435 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, அதை ஒரு நிமிடத்தில் கடந்து பழகுங்கள். அந்த வேகம் உடம்பில் பதிந்துவிட்டால் போட்டியில் கடிகாரத்தை ஓரிரு முறை பார்த்தால் போதும். மிக வேகமாக வந்தாலும் தண்டம் உண்டு. தொடக்க நிலையில் அது நல்ல விதி.

4. ஸ்டட்டும் கவசமும்

புல்தரையில் வழுக்காமலிருக்க லாடத்தில் திருகும் ஸ்டட் (சிறு உலோக முனை) வேண்டும். துளை போட லாடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் நாள் இரவே துளையைச் சுத்தம் செய்து, எண்ணெய் தோய்த்த பஞ்சை அடைத்துவிட்டால் காலையில் ஒரு நொடியில் பிடுங்கிவிட்டு ஸ்டட்டைத் திருகலாம். தரை கெட்டியென்றால் சிறிய கூர்முனை, சேறென்றால் பெரியது. ஸ்டட்டோடு வண்டியில் ஏற்றாதீர்கள். குதிரை தன் காலையே மிதித்துக் கிழித்துக்கொள்ளும்.

கிராஸ் கன்ட்ரிக்கு உடற்கவசம் கட்டாயம். காற்றடைக்கும் ஜாக்கெட்டை அதன் மேல் அணியலாம், அதற்குப் பதிலாக அணியக் கூடாது.

5. போட்டி நாள்

டிரெசாஜில் குதிரைக்குக் கால்காப்பு கூடாது. பயிற்சித் திடலிலேயே கழற்ற ஓர் ஆளை நிறுத்துங்கள். கால்காப்போடு அரங்கில் நுழைந்தால் போட்டியிலிருந்து நீக்கம்தான். மணி அடித்த பின் 45 நொடிக்குள் நுழைய வேண்டும். ஷோ ஜம்பிங்கில் மணிக்கு முன் தொடக்கக் கோட்டைத் தாண்டவே கூடாது. பயிற்சித் தடைகளிலும் சிவப்பு வலப்பக்கம்தான், எதிர்த்திசையில் தாண்டாதீர்கள்.

பின்சேர்க்கை: சூடாக இருக்கும் குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றலாமா, தசை பிடித்துக்கொள்ளாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஊற்றுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. கழுத்து, தோள், பின்பகுதி என்று உடம்பு முழுக்க இடைவிடாமல் ஊற்றி, சற்று நடத்தி, மறுபடியும் ஊற்றுங்கள். தண்ணீரை வழித்துவிட நேரம் செலவிட வேண்டாம். குடிக்கவும் கொடுங்கள். மூச்சு சீராகும்வரை வண்டியில் ஏற்றாதீர்கள்.