வால்மீனின் தண்ணீரை ரேடியோவில் அளக்க: முதலில் தேதியைப் பாருங்கள்

வால்மீன் ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் மாணவர்கள் "எந்தத் தொலைநோக்கியில் நேரம் கேட்கலாம்?" என்றுதான் தொடங்குவார்கள். "எந்தத் தேதிக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். 18 செ.மீ. அலைநீளத்தில் வால்மீனின் வாயுவை அளப்பதென்றால் பாதி வேலை நாட்காட்டியிலேயே முடிந்துவிடும்.

சூரியனுக்கு அருகே வரும் வால்மீன் கக்கும் வாயுவில் பெரும்பகுதி நீராவி. ஆனால் தண்ணீரின் வலுவான நிறமாலைக் கோடுகளை (அது உமிழும் அல்லது உறிஞ்சும் குறிப்பிட்ட அதிர்வெண்களை) நம் வளிமண்டல ஈரமே மறைத்துவிடுகிறது. அதனால் தண்ணீர் உடைந்து பிறக்கும் ஹைட்ராக்சிலை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) பிடிக்கிறோம். பூமி இருக்கும் தூரத்தில் சூரியனின் புற ஊதா ஒளிக்கு ஒரு நீர் மூலக்கூறு ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும். பிறக்கும் ஹைட்ராக்சிலுக்கு 1665.402, 1667.359 மெகாஹெர்ட்ஸில் இரண்டு முக்கியக் கோடுகள் உண்டு. 1612, 1720 பக்கம் இன்னும் இரண்டு இருக்கின்றன. அவை மங்கல், 1612 பக்கம் செயற்கைக்கோள் இரைச்சலும் அதிகம். விட்டுவிடுங்கள்.

சரி, தேதி எதற்கு? இந்த மூலக்கூறைக் கிளர்த்துவது வெப்பமல்ல, சூரிய ஒளி. சூரியனின் நிறமாலையில் பிரான்ஹோபர் கோடுகள் என்ற இருண்ட இடைவெளிகள் நிறைய உண்டு. வால்மீன் சூரியனை நோக்கியோ விலகியோ போகும் வேகத்தைப் பொறுத்து, ஹைட்ராக்சில் உறிஞ்ச வேண்டிய ஒளி சில நாள் அந்த இடைவெளியில் விழும், சில நாள் வெளிச்சத்தில் விழும். அதற்கேற்ப ஒரு வாரம் கோடு மேசர் (ரேடியோ அலையைப் பெருக்கும் லேசர்) போல மேலே எழும்பும்; இன்னொரு வாரம் பின்னணி வானத்தின் ரேடியோ அலையை உறிஞ்சிக் கீழே இறங்கும்; நடுவில் ஒன்றுமே தெரியாது. வால்மீன் முழு வேகத்தில் வாயு கக்கிக்கொண்டிருக்கும்போதே கோடு காணாமல் போகும். விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேக மாற்றமே இதற்குப் போதும்.

ஆகவே முதல் வேலை, நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் தளத்தில், வால்மீன் எந்த நாள் எங்கே, எந்த வேகத்தில் இருக்கும் என்று சொல்லும் அட்டவணையை எடுப்பது. 19, 20 எண்ணுள்ள பத்திகளைக் கட்டாயம் சேருங்கள். 19 சூரியனிலிருந்து தூரமும் வேகமும். 20 பார்ப்பவரிடமிருந்து தூரமும் வேகமும். இரண்டு வேகங்களுக்கும் வேலை வேறு. சூரிய வேகம் கோடு எழும்புமா இறங்குமா என்று சொல்லும். நம்மைப் பொறுத்த வேகம் கோடு எந்த அதிர்வெண்ணில் விழும் என்று சொல்லும். நான் தாளில் ஒன்றை நீலத்திலும் மற்றதைச் சிவப்பிலும் எழுதிக்கொள்வது வழக்கம். சூரிய வேகத்தைக் கிளர்ச்சி வளைவோடு (எந்த வேகத்தில் கோடு எவ்வளவு எழும்பும் அல்லது இறங்கும் என்று காட்டும் வரைபடத்தோடு) ஒப்பிடுங்கள். 1981இல் தெஸ்புவா குழுவும் 1988இல் ஷ்லைக்கர், அஹர்ன் இருவரும் வெளியிட்ட வளைவுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். வளைவு சுழியத்தைத் தொடும் நாட்களை அடித்துவிட்டு, மிச்சமுள்ள நாட்களுக்கு மட்டும் நேரம் கேளுங்கள்.

இடம் என்றால் பிரான்சின் நான்சேதான் என் முதல் தேர்வு. 1973-74இல் கோஹூடெக் வால்மீனில் ஹைட்ராக்சிலை முதலில் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. 300 மீட்டர் நீளக் கண்ணாடி. ஆனால் பொருள் வானின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டைக் கடக்கும்போது மட்டுமே பார்க்க முடியும், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல நாள் தரவைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டியிருக்கும். நம்மூர் வசதிகளைச் சிலர் கேட்பார்கள். ஊட்டி தொலைநோக்கி வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸில், புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி 1460 வாக்கில் நின்றுவிடுகிறது. ரெண்டுமே இந்தக் கோட்டுக்கு எட்டாது.

அதிர்வெண் கணக்கு எளிது: இங்கே விநாடிக்கு 1 கி.மீ. என்பது 5.56 கிலோஹெர்ட்ஸ். வால்மீன் 20 கி.மீ. வேகத்தில் விலகிப் போனால் கோடு 111 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கும். வாயு விரிவதோ விநாடிக்கு 1 கி.மீ. அளவில்தான், எனவே ஒரு சேனல் (கருவி பிரிக்கும் ஒவ்வொரு அதிர்வெண் துண்டும்) விநாடிக்கு 0.3 கி.மீ.க்கு மேல் அகலமாக இருக்க வேண்டாம். பூமி சுழல்வதே அரை கிலோமீட்டர் வரை சேர்க்கும் என்பதால், அட்டவணையைப் பூமியின் மையத்துக்கு எடுக்காமல் தொலைநோக்கி இருக்கும் இடத்துக்கு எடுங்கள்.

தரவு வந்ததும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் விநாடிக்கு 3 கி.மீ. அளவுக்கு மறைத்துவிட்டு, கருவி தரும் ஏற்ற இறக்கம் போக மிச்சத்துக்குத் தாழ்ந்த படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்திக் கழியுங்கள். படியை ஏற்ற ஏற்றப் படம் அழகாகும். கூடவே கோட்டையும் தின்றுவிடும். மூன்றுக்கு மேல் போவதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அப்புறம் இரண்டு கோடுகளையும் ஒப்பிடுங்கள். 1667இன் பரப்பு (வரைபடத்தில் கோடு அடைக்கும் பகுதி) 1665ஐப் போல 1.8 மடங்கு வாக்கில் வர வேண்டும். ஒன்று மட்டும் பளிச்சென்று நின்றால் அது பெரும்பாலும் குறுக்கீடு. வால்மீன் பால்வீதித் தளத்தின் முன்னால் போகும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்: பின்னணி வலுப்பதால் கோடும் வலுக்கும், ஆனால் பால்வீதியின் சொந்த ஹைட்ராக்சில் மேகங்களும் அதே இடத்தில் வந்து உட்காரும்.

கோட்டின் உச்சத்தை விட்டுவிட்டுப் பரப்பை அளந்து, கிளர்ச்சி அளவால் வகுத்து, மூலக்கூறுகளின் ஆயுளையும் கற்றையின் (தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானத் துண்டின்) அளவையும் சேர்த்தால் உற்பத்தி வீதம் கிடைக்கும். விநாடிக்கு 10²⁸ மூலக்கூறு என்றால் ஏறக்குறைய 300 கிலோ தண்ணீர். 1997 வசந்தத்தில் ஹேல்-பாப் இதைப் போல ஆயிரம் மடங்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 300 டன் கொட்டியது. அப்படிப்பட்ட வால்மீனில் கருவைச் சுற்றி மோதல்கள் அதிகமாகி உள்பகுதியின் மேசரை அணைத்துவிடும். அதைச் சரிக்கட்டாமல் போட்ட கணக்கு தண்ணீரைக் குறைத்துத்தான் காட்டும்.

தண்ணீரின் கணக்கு கையில் வந்த பிறகு மற்ற வாயுக்களுக்குப் போகலாம். ஸ்பெயினின் ஐராம் 30 மீட்டர் டிஷ்ஷில் ஹைட்ரஜன் சயனைடு 88.6 கிகாஹெர்ட்ஸில் தெரியும். 2015இல் லவ்ஜாய் வால்மீனில் எத்தில் ஆல்கஹால் கண்டதும் இதில்தான். இங்கே கற்றை அரை ஆர்க்நிமிடத்துக்கும் குறைவு. நான்சேயில் பொறுத்துக்கொள்ளப்படும் சுற்றுப்பாதைப் பிழை இங்கே சமிக்ஞையைக் கொன்றுவிடும். அன்று காலை எடுத்த அட்டவணையை மட்டும் ஏற்றுங்கள்.

விண்ணப்பக் கெடு வருஷத்துக்கு இரண்டு முறைதான். நல்ல வால்மீனோ அதற்கு நடுவில் வந்து நிற்கும். ஆகவே பெயரில்லாத வால்மீனுக்கே எழுதி வையுங்கள்: இவ்வளவு பிரகாசத்துக்கு மேல், இவ்வளவு தூரத்துக்குள் ஒன்று வந்தால் எனக்கு இத்தனை மணி நேரம் வேண்டும் என்று.