மலையேற முதுகுப்பை வாங்கப் போகிறீர்களா? முதலில் முதுகை அளந்துகொள்ளுங்கள்

கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரி சீசன் தொடங்கிவிட்டால், காலேஜ் பையையே மாட்டிக்கொண்டு அடிவாரத்துப் பூண்டியில் வந்து இறங்குகிறவர்கள் ஏராளம். மூன்றாவது மலை தாண்டுவதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். மலைமேல் பழி போடுவார்கள், ஆனால் பாதிக் குற்றம் பையுடையது. காலேஜ் பை மொத்தச் சுமையையும் தோளில் தொங்கவிடுகிறது. மலைக்கென்று தைத்த பை அதை இடுப்பெலும்புக்கு இறக்கிவிடுகிறது. வாங்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும். விலை, நிறம், பாக்கெட் எல்லாம் அப்புறம்.

1. எத்தனை லிட்டர் கொள்ளளவு?

இரவில் ஏறிக் காலையில் இறங்கும் வெள்ளியங்கிரிக்கு 20 முதல் 25 லிட்டர் பை தாராளம். டாப்ஸ்லிப்–பண்டாரவரை மாதிரி வழிகாட்டியோடு ஒரு பகல் நடக்கும் பாதைக்கும் அதுவே போதும். (2024-இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று.) கூடாரம், படுக்கை எல்லாம் சுமந்துபோய் ஓரிரு இரவு தங்குவதென்றால் 45, 50 லிட்டர் வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள். இடம் இருந்தால் எதையாவது திணிக்கத்தான் தோன்றும்.

இணையத்தில் தேடும்போது ‘ஹன்ட்டிங் பேக்’ என்று அமெரிக்கப் பைகள் கண்ணில் படும். அங்கே லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம். இறைச்சியைக் காட்டிலிருந்து சுமந்துவர, பைக்கும் அதை முதுகோடு தாங்கும் சட்டத்துக்கும் (ஃபிரேம்) நடுவே தனி இடம் விட்டிருப்பார்கள். நம் நாட்டில் வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்த வசதிக்கும், அதனால் கூடும் எடைக்கும் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவற்றின் இடுப்புப் பட்டையை மட்டும் நன்றாகப் பாருங்கள். அகலமாக, தடித்த பஞ்சு வைத்து, இடுப்பைச் சுற்றி வளைந்து வரும். அவ்வளவு பாரம் சுமக்கிறவர்கள் தோளை நம்பவில்லை.

2. முதுகை அளப்பது

இதைச் செய்யாமல் கடைக்குப் போகவே போகாதீர்கள். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும். அது மேல் புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிப் பிடியுங்கள். கட்டைவிரல்கள் பின்பக்கம் இருக்கட்டும். அவற்றை இணைக்கும் கோடு கீழ்ப் புள்ளி. தையல் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டவைத்து, வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள்.

45 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவு அட்டவணையில் எஸ், எம், எல் எதற்கு எத்தனை செ.மீ. என்று போட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் உயரத்தை வைத்து முடிவு செய்தால் தப்பாகும். நெட்டையான ஆளுக்குக் கால் நீளமாக, முதுகு குட்டையாக இருக்கலாம்.

3. கடையில்

வெறும் பையைப் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். ஆறு லிட்டர் தண்ணீரைப் பாட்டில்களில் கொண்டுபோய் உள்ளே வையுங்கள், ஆறு கிலோ ஆயிற்று. “ஏனுங்க, இதைப் போட்டுக்கிட்டு ஒரு பத்து நிமிசம் நடந்து பாக்கலாங்களா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.

எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். இடுப்புப் பட்டை எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. அதை முதலில் இறுக்குங்கள். பிறகு தோள்வார், அப்புறம் தோளுக்கு மேலே பையை முன்னுக்கு இழுக்கும் சின்ன வார், கடைசியில் நெஞ்சுப் பட்டை. இப்போது தோள்வாருக்கு அடியில் விரலை நுழையுங்கள். சுலபமாக நுழைந்தால் பாரம் இடுப்புக்குப் போய்விட்டது. நுழையவே இடமில்லையென்றால் வாரைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அப்படியும் தோள் அழுந்தினால் அந்த அளவு உங்களுக்கானதல்ல.

படி இருந்தால் ஏறி இறங்குங்கள். பை பக்கவாட்டில் ஆடக் கூடாது. இறங்கும்போது ஆடுகிற பை ஆளைத் தள்ளிவிடும். கையில் மூங்கில் தடி இருக்கும் என்பதால், பையைக் கழற்றாமல் ஒற்றைக் கையால் பக்கப் பாக்கெட்டிலிருந்து பாட்டிலை எடுக்க வருகிறதா என்றும் பாருங்கள்.

4. துணி, ஜிப், மழை

ஜிப் தடிமனாக இருக்கட்டும். வார் தைத்த இடங்களில் இரட்டைத் தையல் வேண்டும். முன்பக்கம் முழுதாகத் திறக்கும் பை நல்லது; அடிவாரத்தில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வனத்துறையினர் சோதிக்கும்போது எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்காது. வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் போகிறவர்கள் மேலுறையோடு நிறுத்திக்கொள்ளாமல், துணிமணிக்கு உள்ளே தண்ணீர் புகாத பை ஒன்றும் வையுங்கள். மேலுறை போட்டாலும் முதுகுப்பக்கம் நனையும்.

5. அடுக்குவது

கனமானவை முதுகை ஒட்டி, நடு உயரத்தில். கம்பளி, மாற்றுத்துணி அடியில். டார்ச்சும் தின்பண்டமும் மேலே. மொத்த எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. வெள்ளியங்கிரிக்கு அதில் பாதியே போதும், அதிலும் பெரும்பங்கு தண்ணீர்தான்.