முதல்வர் காப்பீட்டு அட்டை: யாருக்குக் கிடைக்கும், எப்படி வாங்குவது?

ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்த பிறகு காப்பீட்டு அட்டைக்கு அலைகிற குடும்பங்கள் நிறைய. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012-ல் இப்போதைய பெயருக்கு வந்தது. 2018-ல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தும் இதோடு சேர்ந்துவிட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அது தலைக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ரூபாயாக இருந்ததை 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள், அதனால் பழைய கணக்கை வைத்து நமக்குக் கிடைக்காது என்று விட்டவர்கள் இன்னொரு முறை போய்க் கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்த வரம்பும் போதாது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கூலிக்குப் போனாலே மாதம் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும், தொழிலாளர் துறையின் சான்று இருந்தால் சேரலாம். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா, அப்போது இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம்.

வாங்குவது பெரிய வேலையில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிடமோ வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, வீட்டில் எல்லாருடைய ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் ரேஷன் கார்டில்தான். இந்தத் திட்டத்துக்குக் குடும்பம் என்றால் அந்தக் கார்டில் பெயர் உள்ளவர்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்கும், மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும், குழந்தையின் பெயர் எந்தக் கார்டிலும் இருக்காது, அந்தக் குழந்தைக்கு இதய ஆபரேஷன் என்று வரும்போதுதான் பெயர் நீக்க, சேர்க்க ஓடுவார்கள். இன்றைக்கே கார்டை எடுத்துப் பெயர், வயது, ஆதாரில் உள்ள எழுத்து எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியோடு பல தனியார் ஆஸ்பத்திரிகளும் திட்டத்தில் உண்டு, ஆனால் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரி எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில், "இந்த ஆபரேஷனுக்கு இங்கே கார்டு செல்லுமா, கையிலிருந்து ஏதாவது கட்ட வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆஸ்பத்திரி காகிதங்களை அனுப்பி முன் அனுமதி வாங்கிய பிறகுதான் சிகிச்சை நடக்கும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள், இது பணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது, மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை போன்றவை இதில் வராது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இருக்கின்றன.

சாலை விபத்து என்றால் கதை வேறு. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் அட்டையை ஏற்க மறுத்தாலோ தனியாகப் பணம் கேட்டாலோ அங்கிருந்தே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் போட்டு, அட்டை எண்ணையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் சொல்லிப் புகார் கொடுங்கள்.