‘எஸ்’ஸை விழுங்குகிற பிள்ளை: ஆங்கில வகுப்பில் நாங்கள் விடும் தவறுகள்

கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு மாணவியை மாதக்கணக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். பத்து மாட்டுக்கு “ரென் கௌ” என்பாள். “கௌஸ்” என்பேன். தலையாட்டிவிட்டுத் திரும்பவும் “கௌ” என்பாள். கவனம் இல்லை என்று கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதியும் விட்டேன். சின்ன வயதில் பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அவளுக்குக் காது சரியில்லை என்று தாய் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வன்னியில் ஆங்கிலம் படிப்பிக்கிற எங்களில் பலர் பிழையைக் கண்டதும் திருத்தப் பாய்கிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது குறைவு. இந்த ‘எஸ்’ஸையே எடுங்கள். “பத்து மாடு நிக்குது” என்பது நல்ல தமிழ்ப் பேச்சு. எண்ணைச் சொன்ன பிறகு ‘கள்’ எங்களுக்குக் கட்டாயமில்லை. அந்தப் பழக்கத்தில் ‘எஸ்’ஸை விடுகிற பிள்ளைக்குப் பயிற்சி போதும். ஆனால் ‘ஸ்’, ‘ஃப்’ போன்றவை உயர் அதிர்வெண் ஒலிகள். வெடிச்சத்தம் பாதித்த காதில் பெரும்பாலும் முதலில் மங்குவது அந்தப் பகுதிதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதால், காது கேட்கிறது என்று நாங்களும் நம்பிவிடுகிறோம். அப்படிப்பட்ட பிள்ளையிடம் “கௌஸ்” என்று நூறு தரம் சொல்லிப் பயனில்லை. எழுதிக் காட்ட வேண்டும். இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்களாயிற்றே என்பீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டினாலும் கேள்வி மந்தமாகும்.

சந்தேகம் வந்தால் பிள்ளைக்குப் பின்னால் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் ஒழுங்கு மாற்றி, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் கை உயர்த்தட்டும். இது வைத்தியப் பரிசோதனை ஆகாது. ஆனாலும் ஏதாவது ஒலி தவறினால் முன் வாங்குக்கு மாற்றி, ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்பக் காரணம் கிடைத்துவிடும்.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைப்பது இன்னொன்று. முகத்தைப் பார்த்தாலும் பேனையைச் சொல்லும் ‘பென்’னும் ஆண்களைச் சொல்லும் ‘மென்’னும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும்; முதுகைக் காட்டினால் அதுவும் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது சொல்வதெழுதல் வைக்கிற ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்குக் காது நல்லாக இருக்கிற பிள்ளைக்கே சைபர்தான்.

தமிழை ஓரளவு வாசிக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால் “சோம்பல்” என்று முடிவுகட்டாதீர்கள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஒலியை அநேகமாக ஊகிக்கலாம். ஆங்கிலத்து ‘சீ’ (c) எழுத்தோ பூனையைச் சொல்லும் ‘கற்’றில் ‘க்’, நகரத்தைச் சொல்லும் ‘சிற்றி’யில் ‘ஸ்’. தமிழில் வெளியே தெரியாத வாசிப்பு இடர்பாடு ஆங்கிலத்தில் அம்பலமாவது இதனால்தான். போதாததற்கு ‘பி’க்கும் (b) ‘டி’க்கும் (d) வயிறு எந்தப் பக்கம் என்ற சிக்கல். ஆறு, ஏழு வயதில் அதை மாற்றி எழுதுவது இயல்பு. தரம் ஐந்திலும் நீடித்து, வாசிப்பும் இழுபட்டால் கவனியுங்கள். பத்துத் தரம் எழுதச் சொல்லித் தண்டிப்பதை விட்டு, ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதுவித்தது போல, ஒலியைச் சொல்லிச் சொல்லி மணலில் விரலால் எழுதவிடுங்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி உரக்க வாசிக்க வைக்கவே வேண்டாம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரமோ பெரிய எழுத்து வினாத்தாளோ தேவைப்படுகிறவர்களின் விண்ணப்பத்தைக் கடைசிக் கிழமைவரை தள்ளிப்போடாதீர்கள். மருத்துவச் சான்றிதழ் எடுக்க நாள் செல்லும்.

கட்டுரைத் தலைப்பிலும் ஒரு பொறி உண்டு. ‘மை ஃபமிலி’ எல்லா நாட்டுப் பாடநூலிலும் இருக்கிற தலைப்புத்தான். காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்துக்கு அமர்ந்த பிறகும் நான் அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெடியன் கொப்பியோடு மேசைக்கு வந்து கேட்டான்: “சேர், அப்பாவுக்கு ‘இஸ்’ போடவா, ‘வோஸ்’ போடவா?”

அடுத்த கிழமை ‘எங்கள் குளம்’ என்று தலைப்பு மாற்றினேன். இரணைமடுவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான்.