டெக்சஸில் 21 வயதுப் பிள்ளைக்குக் கைத்துப்பாக்கி வகுப்பு தேடுவது எப்படி?

என் மகளுக்கு 21 வயதானதும், "அப்பா, கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றாள். இரவு வேலை முடிந்து, ஆளில்லாத பார்க்கிங்கில் தனியாகக் கார் வரை நடக்கிறவள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முதலில் நாங்கள் சேர்ந்த வகுப்பு தவறான வகுப்பு. அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: விசாவைப் பாருங்கள்

இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதீர்கள். எஃப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் சிக்கல்தான். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

படி 2: எந்த வகுப்பு?

2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அப்படியானால் வகுப்பு எதற்கு? டெக்சஸ் லைசென்ஸை ஏற்றுக்கொள்ளும் வேறு மாநிலங்கள் பல உண்டு. அதைவிட முக்கியம், எப்போது சுடக்கூடாது என்று சட்டம் சொல்வதை அங்கேதான் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் லைசென்ஸ் வகுப்பு சுடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அல்ல. நாலு முதல் ஆறு மணி நேரம் பாடம், ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் சுடும் தேர்வு. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத என் மகளை நேராக அங்கே கொண்டுபோய் விட்டேன். பக்கத்தில் சுட்டவரின் துப்பாக்கியிலிருந்து தெறித்த சூடான தோட்டாக்கூடு அவள் கழுத்துக்குள் விழுந்தது. பதறிப்போய், கையில் துப்பாக்கியோடு அப்படியே திரும்பிவிட்டாள். விரல் விசையில் இல்லாததால் தப்பித்தோம். அன்று அவளுக்கு அருகில் யாரும் நிற்கவில்லை.

எனவே முதலில் தொடக்கநிலை வகுப்பு, லைசென்ஸ் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 3: பயிற்றுநரிடம் பேசுங்கள்

லைசென்ஸ் வகுப்பு நடத்துகிறவர் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். சுடும் வரிசையில் ஒரு பயிற்றுநர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார்? பழகுவதற்கு, சுடும்போது கையில் உதைப்பு குறைவாக இருக்கும் .22 (சிறிய தோட்டா) துப்பாக்கி கிடைக்குமா? பாட அறைக்குள் வெடிக்கக்கூடிய நிஜத் தோட்டா வருமா? வரவே கூடாது. "அதெல்லாம் பரவாயில்லை சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

பிள்ளையையே பேச விடுங்கள். கேள்விக்கு எரிச்சல்படாதவர்தான் சுடுதளத்திலும் பொறுமையாக இருப்பார்.

படி 4: பாடத்தை எங்கே கேட்பது?

பாடப் பகுதியை இணையத்திலேயே முடிக்க டெக்சஸ் அனுமதிக்கிறது. சுடுதளப் பயிற்சிக்கும் சுடும் தேர்வுக்கும் மட்டும் நேரில் போக வேண்டும். இளம் பிள்ளைகள் அறையில் உட்கார்ந்து கேட்பதே நல்லது என்பது என் கருத்து. சண்டையை வன்முறை இல்லாமல் தீர்ப்பதும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கின்றன. அவற்றை அவசரமாகத் தாண்டிப் போகாத பயிற்றுநரைத் தேடுங்கள்.

வீட்டிலும் ஒரு பேச்சு வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மனம் சரியில்லாத நாட்களில் துப்பாக்கிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்று நானும் மகளும் முன்கூட்டியே முடிவு செய்தோம். 988 என்ற உதவி எண்ணும் அவள் போனில் இருக்கிறது.

படி 5: தேர்வு நாள்

மொத்தம் 50 தோட்டாக்கள். 3, 7, 15 கஜ தூரங்களில் சுட வேண்டும். 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. தொடக்கநிலை வகுப்பில் பழகியவர்களுக்கு இது கடினமில்லை. கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். கழுத்தை மூடிய சட்டை, முன்பக்கம் மூடிய ஷூ போட்டு அனுப்புங்கள். சூடான கூடு உடம்பில் பட்டாலும் துப்பாக்கி முனை இலக்கை விட்டு நகரக் கூடாது என்று கிளம்பும்போது இன்னொரு முறை சொல்லுங்கள்.