இன நீதிக் குழுக்களும் நன்கொடைப் பகிர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரின் பிடியில் உயிரிழந்தார். அதன்பின் சில நாட்களுக்குள், ஏழைகளுக்குப் பிணைத்தொகை கட்டி அவர்களைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரும் மினசோட்டா ஃப்ரீடம் ஃபண்ட் என்ற சிறிய அமைப்புக்கு மூன்று கோடி டாலருக்கும் மேல் நன்கொடை குவிந்தது. எங்களுக்கு அனுப்பியது போதும், மற்ற உள்ளூர்க் குழுக்களுக்கு அனுப்புங்கள் என்று அந்த அமைப்பே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஆனால் ஜூன் மாத நடுவில், அதுவரை பிணைக்குச் செலவானது இரண்டு லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய தொகைதான் என்பது வெளியானதும், அன்போடு கொடுத்தவர்களே கோபத்தோடு கணக்குக் கேட்கத் தொடங்கினார்கள். பணம் எங்கும் போய்விடவில்லை. ஃபிளாய்டின் மரணத்தைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைதான பலர் பிணையே இல்லாமல் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்டு நடந்த அமைப்பால் அத்தனை பெரிய தொகையை ஒரே மாதத்தில் பொறுப்புடன் செலவழித்திருக்கவும் முடியாது. ஆனால் அந்த விளக்கம் கேள்வி எழுந்த பிறகு வந்தது, அதுதான் பிழை. வந்த தொகை எவ்வளவு, உடனடியாகச் செலவழிவது எவ்வளவு, மீதியைப் பற்றி என்றைக்கு முடிவெடுப்போம் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடும் குழுவுக்குப் பின்னால் வரும் தலைவலி பாதியாகக் குறையும்.

இரண்டாவது தவறு, ஊர் ஊராக இயங்கும் கிளைகளின் உழைப்பால் வரும் பணத்தை மையத்திலேயே தேக்கி வைப்பது. கறுப்பின மக்களின் உயிருக்காகக் குரல் கொடுக்கும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்தின் மைய அமைப்பான பிளாக் லைவ்ஸ் மேட்டர் குளோபல் நெட்வொர்க் ஃபவுண்டேஷனுக்கு 2020இல் ஏறக்குறைய ஒன்பது கோடி டாலர் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பத்து கிளைகள் சேர்ந்து, தங்களுக்குப் போதிய நிதியும் வரவில்லை, முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதும் தெரியவில்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டன. சில மாதங்கள் கழித்து, 2021 பிப்ரவரியில்தான் முதல் விரிவான கணக்கு வெளிவந்தது. தெற்கு கலிஃபோர்னியாவில் சுமார் அறுபது லட்சம் டாலரில் ஒரு மாளிகை வாங்கப்பட்டிருந்த செய்தி 2022இல் அம்பலமானபோது, கறுப்பினக் கலைஞர்கள் தங்கிப் பணிபுரிவதற்கான இடம் அது என்று அளிக்கப்பட்ட விளக்கத்தைக் கேட்கும் பொறுமை பலருக்கு இல்லை. தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்ற பேச்சு எழுவதற்கு உண்மையான முறைகேடு நடந்திருக்க வேண்டியதில்லை, மௌனமே போதும். எனவே மையத்துக்கு எத்தனை சதவீதம், கிளைகளுக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வந்த பிறகு பேசினால் அது பேரமாகிவிடும்.

பதிவு பெறாத சிறு குழுக்கள், வரிவிலக்கு பெற்ற இன்னொரு நிறுவனத்தின் குடைக்கீழ் நன்கொடை திரட்டுவது அமெரிக்காவில் வழக்கம். அந்த நிறுவனம் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை கட்டணமாக எடுத்துக்கொள்ளும். இதில் பலர் கவனிக்கத் தவறுவது கட்டணத்தை அல்ல, அதிகாரத்தை. சட்டப்படி அந்தப் பணத்தின் மீது இறுதிக் கட்டுப்பாடு குடை நிறுவனத்துக்கே உண்டு. நாளை வாடகை கட்டாவிட்டால் வீட்டை விட்டு வெளியேற்றப்படப் போகும் ஒரு குடும்பத்துக்கு இன்றே காசோலை வேண்டும் என்றால், அதற்கு அந்நிறுவனம் எத்தனை நாட்கள் எடுத்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் சிக்கலானது, உதவி பெறுபவரிடம் எவ்வளவு கேட்பது என்ற கேள்வி. வங்கி அறிக்கை, சமூகப் பாதுகாப்பு எண், வருமானச் சான்று, துயரக் கதையை விவரிக்கும் கட்டுரை என்று பல பக்க விண்ணப்பம் வைத்தால், காவல்துறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் அஞ்சி வாழ்பவர்கள் முதல் பக்கத்திலேயே திரும்பிவிடுவார்கள். நம் மக்கள் மீது நமக்கு நம்பிக்கை உண்டு, காகிதம் எதற்கு என்று பதிவே இல்லாமல் அள்ளிக் கொடுப்பதோ இதற்கு நேர் எதிரான தவறு. தனிநபருக்கு உதவும் அறநிறுவனம் யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தது, எந்த அடிப்படையில் அவரைத் தேர்ந்தெடுத்தது, நிர்வாகிகளுக்கு அவர் உறவினரா என்பதற்கான பதிவை வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வரித்துறை எதிர்பார்க்கிறது. இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். அதை நிரப்புவதும் குழு உறுப்பினரின் வேலையாக இருக்கலாம். துயரக் கதையை எழுதி வாங்குவது யாருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து.

பெயரை மறைப்பதும் கணக்கை வைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்ததை எதிர்த்து அலபாமா மாநிலத்தில் 1955-56இல் நடந்த மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு நல்ல சான்று. சமையற்காரியான ஜார்ஜியா கில்மோர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு 'பை' (pie) பலகாரமும் கோழி வறுவலும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுப்பார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்பதே பதில். அந்தக் குழுவின் பெயரும் அதுவே. அப்பெண்கள் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியானால் பிழைப்பு போய்விடும். அந்தப் பணம் புறக்கணிப்பாளர்களை ஏற்றிச்சென்ற கார்களின் செலவுக்குப் போனது. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் மீது, வந்த பணத்தை வருமானமாகக் காட்டவில்லை என்று 1960இல் அலபாமா அரசு வரி வழக்குத் தொடுத்தது. முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட நடுவர் குழுவே அவரை விடுவித்தது. பகைமை கொண்ட அரசு முதலில் கைவைப்பது கணக்குப் புத்தகத்தில்தான். கொடுத்தவர் பெயரைச் சபையில் சொல்லாமல் இருக்கலாம். பெட்டியில் வந்த தொகையை எழுதாமல் இருக்கக் கூடாது.

உதவியே பெறுபவருக்கு உபத்திரவமாகிவிடுவதும் உண்டு. வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் அமெரிக்க அரசிடமிருந்து பெறும் எஸ்.எஸ்.ஐ. என்ற மாத உதவித்தொகைக்குத் தனிநபரின் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. நல்ல மனதோடு அவர் கணக்கில் 3,000 டாலரைப் போட்டால், அந்த மாதம் அது வருமானமாகக் கணக்கிடப்படும். செலவழியாமல் எஞ்சியது அடுத்த மாதம் கையிருப்பாகி, உதவித்தொகையையே நிறுத்திவிடக்கூடும். கைப்பணமாகக் கொடுப்பதும், தொலைபேசிக் கட்டணத்தை அந்த நிறுவனத்துக்கே செலுத்துவதும் அங்கே ஒரே மாதிரி கணக்கிடப்படுவதில்லை. ஆகவே எந்த அரசு உதவியைப் பெறுகிறீர்கள், எந்த வழியில் கொடுத்தால் உங்களுக்குச் சிக்கலில்லை என்று கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

பிணை நிதி நடத்தும் குழுக்கள் மறக்கும் ஒன்று எஞ்சியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை நாட்களில் தவறாமல் ஆஜராகி வழக்கு முடிந்ததும், நீதிமன்றத்தில் ரொக்கமாகக் கட்டிய பிணைத்தொகை பெரும்பாலும் திரும்பி வரும். சில இடங்களில் அபராதமும் கட்டணமும் கழித்துக்கொள்ளப்படும். அது மாதங்கள் கழித்து, சில வேளை ஆண்டுகள் கழித்து வருகிறது. அதற்குள் பொறுப்பாளர் மாறியிருப்பார், முகவரியும் மாறியிருக்கும். எந்த வழக்கு எண்ணுக்கு எவ்வளவு கட்டினோம் என்ற பட்டியல் இல்லாத குழுவுக்கு, நீதிமன்றத்தில் தன் பணம் கிடப்பதே தெரியாது.